லப்டொப்பில் கட்டி, பிறகு ஏற்றுவோம்: புதியவர்களுக்கு ஒரு வேர்ட்பிரஸ் வழிகாட்டி

வன்னியில் ஒரு பாடசாலையோ சனசமூக நிலையமோ இணையத்தளம் தொடங்குகிற கதை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போகும். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற பழைய மாணவர் ஒருவர் டொமைனும் (தளத்தின் பெயர் முகவரி) ஹொஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் இணைய இடம்) வாங்கிக் கொடுப்பார். ஊரில் கணினி தெரிந்த பிள்ளை ஒன்றின் தலையில் பொறுப்பு விழும். அந்தப் பிள்ளை ஃபோனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அந்த ஹொஸ்டிங்கிலேயே நேரடியாகக் கட்டத் தொடங்கும். சிக்னல் இறங்கினால் சேமிக்கிற நேரம் பார்த்துப் பக்கம் தொங்கும். தளத்தின் தோற்றத்துக்கான நாலு தீம் மாற்றிப் பார்ப்பதற்குள் டேட்டா கரைந்துவிடும். அரைகுறைப் பக்கங்களை ஊரே பார்த்துக் கருத்துச் சொல்லும்.

இந்தச் சோலியே வேண்டாம். உங்கள் லப்டொப்பை ஒரு சேர்வராக, அதாவது தளத்தை வைத்துக் காட்டும் கணினியாக மாற்றி, இணைய இணைப்பு இல்லாமலே ஆறுதலாக முழுத் தளத்தையும் கட்டலாம். முடிந்த பிறகு ஒரே தடவையில் ஏற்றலாம். கோப்புகளைக் கொண்டுபோவது லேசான வேலை. தமிழ் எழுத்தும் தளத்தின் முகவரியும் சேதமில்லாமல் போய்ச் சேருவதில்தான் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். அதனால் அந்த இடங்களில்தான் கொஞ்சம் மினக்கெடப் போகிறேன்.

முதலில் இறக்கி வைக்க வேண்டியவை

இரண்டு பொதிகள் போதும். ஒன்று சாம்ப், எக்ஸ், ஏ, எம், பி, பி என்று ஐந்து எழுத்தில் தேடினால் கிடைக்கும். அப்பாச்சி சேர்வர், மரியாடிபி தரவுத்தளம் (சாம்ப் அதை மைஎஸ்கியூஎல் என்றே காட்டும்), வேர்ட்பிரஸ் ஓடுகிற பிஎச்பி மொழி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஏறத்தாழ 150 எம்பி வரும். மற்றது இணையத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், 30 எம்பிக்குள் அடங்கிவிடும். இரண்டும் இலவசம். இரவு டேட்டா உள்ளவர்கள் இரவில் இறக்கி, பென்டிரைவ் ஒன்றிலும் போட்டு வையுங்கள். அடுத்த ஊர்ப் பிள்ளைக்கும் உதவும்.

மேசைக் கணினி இருந்தாலும் நான் லப்டொப்பைத்தான் சொல்வேன். பற்றரி இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

சேர்வரை எழுப்புதல்

சாம்பை நிறுவும்போது என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டும். அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி, பிஎச்பிமைஅட்மின் ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் சரி அடையாளத்தை எடுத்துவிடலாம். அது தானாகக் காட்டும் சி டிரைவின் சாம்ப் கோப்புறையிலேயே நிறுவுங்கள். புரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்குள் போட்டால் எழுதும் அனுமதி இல்லாமல் விண்டோஸ் மறிக்கும்.

முடிந்ததும் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, அப்பாச்சிக்கும் மைஎஸ்கியூஎலுக்கும் பக்கத்திலுள்ள ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். இரண்டும் பச்சை நிறமானால் சரி. அப்பாச்சி மட்டும் பச்சையாகி உடனே விழுந்தால் அப்பாச்சி பயன்படுத்தும் 80ஆம் போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸின் சொந்த சேர்வரான ஐஐஎஸ் சேவை அப்படிச் செய்வதுண்டு. அதை நிறுத்துங்கள். அல்லது அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் 'லிசன் 80' என்ற வரியை 8080 ஆக்குங்கள். 8080 ஆக்கினால் உங்கள் முகவரி லோக்கல்ஹோஸ்ட்:8080 ஆகிவிடும். இதை ஒரு தாளில் குறித்து வையுங்கள், ஏற்றும் நாளில் தேவைப்படும்.

தரவுத்தளமும் வேர்ட்பிரஸும்

பிரவுசரில் உங்கள் கணினியையே குறிக்கும் முகவரியான லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, தரவுத்தளத்தைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்குங்கள். பெயரைச் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பக்கத்திலுள்ள பட்டியலில் யூடிஎப்8எம்பி4 என்று தொடங்குகிற, யூனிகோட் என்ற சொல் வருகிற ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். பழைய யூடிஎப்8 வகைக்கு அதுதான் எல்லை. இன்று எல்லாரும் போடுகிற இமோஜிகளுக்கு 4 பைட் வேண்டும். எம்பி4 இல்லாத தரவுத்தளத்தில் இமோஜியோடு எழுதிய பந்தி பாதியில் அறுந்து போகக்கூடும்.

வேர்ட்பிரஸ் பொதியை விரித்து, சாம்பின் எச்டிடொக்ஸ் கோப்புறைக்குள் 'நிலையம்' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டு வையுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், ஒரு சாய்கோடு, அந்தப் பெயர் என்று அடித்தால் நிறுவும் பக்கம் வரும். மொழியைத் தெரிவு செய்ததும் தரவுத்தளத்தின் பெயரைக் கேட்கும். பயனர் ரூட், கடவுச்சொல் வெறுமை, ஹொஸ்ட் லோக்கல்ஹோஸ்ட். அட்டவணை முன்னொட்டை அப்படியே விடலாம். அடுத்த பக்கத்தில் தளத்தின் பெயரைத் தமிழிலேயே கொடுங்கள். உங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொப்பியில் எழுதப்படட்டும். சாம்ப் சாதாரணமாக மின்னஞ்சல் அனுப்பாது. கடவுச்சொல்லை மறந்தால் 'மீட்டு அனுப்பு' என்று அழுத்திவிட்டுக் காத்திருந்து பயனில்லை.

உள்ளே போனதும் நேர வலயத்தைக் கொழும்பு ஆக்குங்கள். தீம் விடயத்தில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: வேர்ட்பிரஸோடு வருகிற இலவசத் தீமே போதும். சுழலும் படங்களும் பறக்கும் எழுத்துகளும் கொண்ட தீம்கள் லப்டொப்பில் வடிவாகத்தான் ஓடும். மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில், பழைய ஃபோனில் திறப்பவருக்குத்தான் அதன் பாரம் தெரியும். படங்களுக்கும் இதே கதைதான். ஃபோனில் எடுத்த விழாப் படம் ஒன்றே 5 எம்பி இருக்கும். ஏற்றுவதற்கு முன்பே 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரை ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் வையுங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. ஹொஸ்டிங்கில் ஓடும் லினக்ஸுக்கு அவை வேறு வேறு. இங்கே தெரிந்த படம் அங்கே காணாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

புதுக்குடியிருப்பும் 200 எழுத்தும்

செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் என்ற பகுதிக்குப் போய், பதிவின் பெயரோடு முகவரி அமையும்படி மாற்றுங்கள். இங்கே தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் அதையே முகவரித் துண்டாக்கும். ஒரு தமிழ்க் குறி 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. தரவுத்தளத்தில் அந்தத் துண்டுக்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்து.

'புதுக்குடியிருப்பு' என்று எழுதிப் பாருங்கள். உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்துக் கணினி அதை 18 குறியாக எண்ணும். 18ஐ 9ஆல் பெருக்கினால் 162. ஊரின் பெயர் ஒன்றே 200இல் 162ஐத் தின்றுவிட்டது. அதற்குப் பின்னால் 'விளையாட்டுப் போட்டி' என்று எழுதினால் 'விளை' என்ற அளவில் முகவரி வெட்டுப்படும். அடுத்த வருடப் போட்டிக்கும் அதே தலைப்புப் போட்டால் இரண்டாவது முகவரியின் வாலில் ஓர் எண் ஒட்டிக்கொண்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக நீண்டு, என்னவோ வைரஸ் இணைப்பு என்று ஆட்கள் திறக்கவும் பயப்படுவார்கள்.

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரித் துண்டை மட்டும் ஒவ்வொரு பதிவுக்கும் கையால் மாற்றி, இரண்டு மூன்று சொல்லில் ஆங்கில எழுத்தில் கொடுங்கள். இதைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்க வேண்டும். தளம் வெளியே போனபின் மாற்றினால், பகிர்ந்த பழைய இணைப்புகள் சில வேளைகளில் செத்துப்போகும்.

பழைய மலர்களும் பாமினியும்

2009 இடப்பெயர்வோடு பதிவேடுகள் பலவற்றை இழந்த ஊர்களில், யாரோ ஒருவர் வைத்திருந்த பரிசளிப்பு விழா மலர்தான் சில வேளைகளில் மிஞ்சிய வரலாறு. அதன் கணினிக் கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அது பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் உண்மையில் தட்டச்சாகியிருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டியது. வேர்ட்பிரஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் இலவச யூனிகோட் மாற்றி ஒன்றில் போட்டு எடுங்கள். பந்தி பந்தியாகப் போடுவது நல்லது. பந்திக்குள் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழ்க் குப்பையாக்கிவிடும். அவற்றைப் பிறகு கையால் திருத்த வேண்டும். அடைப்புக்குறி, மேற்கோள்குறி, 'ஸ்ரீ' ஆகிய இடங்களையும் ஒருக்கால் பாருங்கள். ஆட்களின் பெயர்களை மலரின் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டே விடுங்கள். அதிபரின் பெயர் பிழைத்தால் யார் மன்னிப்பார்?

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அப்படி இல்லை. என்றாலும் ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்குள் கரண்ட் போய் வருவது புதிதல்ல. மைஎஸ்கியூஎல் ஓடிக்கொண்டிருக்கையில் கணினி பட்டென்று அணைந்தால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். அடுத்த முறை ஸ்டார்ட் அழுத்தினால் 'எதிர்பாராமல் நின்றுவிட்டது' என்று சிவப்பு எழுத்தில் வரும். லப்டொப் என்று நான் நிற்பது இதற்காகத்தான். மேசைக் கணினிதான் இருக்கிறதென்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். வேலை முடிந்ததும் முதலில் மைஎஸ்கியூஎலின் ஸ்டொப் பொத்தான், அப்புறம்தான் கணினியை அணைப்பது.

அந்தச் சிவப்பு எழுத்து வந்துவிட்டால் சாம்பை அழித்து மீண்டும் நிறுவ ஓடாதீர்கள். முழு உழைப்பும் அதோடு போய்விடும். சாம்பின் மைஎஸ்கியூஎல் கோப்புறைக்குள் 'டேட்டா', 'பக்அப்' என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். டேட்டாவின் பெயரை 'டேட்டா-பழையது' என்று ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள். பக்அப்பை நகலெடுத்து, நகலுக்கு 'டேட்டா' என்று பெயர் வையுங்கள். இப்போது பழையதற்குள் இருக்கும் உங்கள் தரவுத்தளத்தின் கோப்புறையையும், ஐபிடேட்டா1 என்ற பெரிய கோப்பையும் புதிய டேட்டாவுக்குள் நகலெடுங்கள். அந்தக் கோப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று கேட்டால், மேலெழுதச் சொல்லுங்கள். பிறகு ஸ்டார்ட் கொடுத்தால் பெரும்பாலும் எழும்பிவிடும். எழும்பாவிட்டாலும் பழைய கோப்புறை கைபடாமல் அப்படியே இருக்கிறது.

இதைவிட நல்லது ஒவ்வொரு நாளும் வேலை முடிய பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் அழுத்தி, அந்த எஸ்கியூஎல் கோப்பைப் பென்டிரைவில் போடுவது. ஒரு நிமிட வேலை.

கணினிக் கூடத்தில் காட்டுவதென்றால்

ஏற்றுவதற்கு முன் ஆசிரியர்களுக்கோ நிர்வாக சபைக்கோ காட்ட விரும்பினால் இணையம் தேவையில்லை. ஒரு வைபை ரவுட்டர் போதும். உங்கள் லப்டொப்பின் ஐபி எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். மற்றவர்கள் தங்கள் ஃபோனில் அந்த எண்ணையும் கோப்புறைப் பெயரையும் அடிக்க வேண்டும். விண்டோஸ் பயர்வோல் கேட்டால், தனியார் வலையமைப்புக்கு மட்டும் அப்பாச்சியை அனுமதியுங்கள். தளம் வரும், ஆனால் நிறமும் படமும் இல்லாமல் எலும்பாக வரும். காரணம், தளம் தன் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்றே நினைவில் வைத்திருக்கிறது. பார்ப்பவரின் ஃபோன் தனக்குள்ளேயே அதைத் தேடுகிறது. அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கொன்பிக்கில் டபிள்யூபி_ஹோம், டபிள்யூபி_சைட்யூஆர்எல் என்ற இரண்டையும் அந்த ஐபி முகவரியாக வரையறுத்தால் சரியாகிவிடும். கூட்டம் முடிந்ததும் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள்.

ஏற்றும் நாள்

சிக்னல் நல்ல இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ9 வீதிக் கரையில் கிளிநொச்சி, வவுனியா நகரங்களுக்குக் கிட்ட உறவினர் யாரும் இருந்தால் அங்கே போவது கூட மோசமான யோசனை இல்லை.

முழு வேர்ட்பிரஸ் கோப்புறையையும் கோப்பு கோப்பாக அனுப்பும் எப்டிபி மூலம் ஏற்றச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். நடுவில் இணைப்பு அறுந்தால் எது போனது, எது போகவில்லை என்று தெரியாது. ஹொஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சீபனலில் வேர்ட்பிரஸை ஒரே அழுத்தில் புதிதாக நிறுவும் வசதி பொதுவாக இருக்கும். லப்டொப்பில் உள்ள அதே பதிப்பை அங்கே நிறுவுங்கள்; பிஎச்பி பதிப்பும் இரண்டு இடத்திலும் ஒத்திருக்கட்டும். அப்போது நீங்கள் ஏற்ற வேண்டியது டபிள்யூபி-கொன்டென்ட் என்ற கோப்புறை மட்டும். அதை ஒரே ஸிப் ஆக்கி, பைல் மெனேஜர் வழியாக ஏற்றி, அங்கேயே விரியுங்கள்.

அடுத்து தரவுத்தளம். லப்டொப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஜிஸிப் சுருக்கத்தைத் தெரிவு செய்தால் கோப்பு பல மடங்கு சிறிதாகும். ஹொஸ்டிங்கில் புதிய நிறுவல் உருவாக்கிய தரவுத்தளத்தைத் திறந்து, அதிலுள்ள அட்டவணைகளை நீக்கிவிட்டு, உங்களுடையதை இம்போர்ட் செய்யுங்கள். டபிள்யூபி-கொன்பிக் கோப்பிலுள்ள அட்டவணை முன்னொட்டும் உங்கள் அட்டவணைகளின் முன்னொட்டும் ஒன்றா என்று பார்க்க மறக்க வேண்டாம். வேறாக இருந்தால் தளம் திறக்காமல் மீண்டும் நிறுவும் பக்கமே வரும், நெஞ்சு ஒருக்கால் நின்று போகும். முன்னொட்டைத் திருத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இப்போது முகவரி. 'ஒப்ஷன்ஸ்' அட்டவணையின் தொடக்கத்திலேயே சைட்யூஆர்எல், ஹோம் என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியை எடுத்துவிட்டு உண்மையான டொமைனை, எச்டிடிபிஎஸ் உடன் எழுதுங்கள். உள்ளே போக இது போதும்.

ஆனால் பதிவுகளுக்குள்ளும் தீம் அமைப்புகளுக்குள்ளும் பழைய முகவரி நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளிந்திருக்கும். எஸ்கியூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றினால் என்ன என்று தோன்றும். செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை, எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துக் கட்டி வைக்கிறது. எச்டிடிபி முதல் 'நிலையம்' என்ற கோப்புறைப் பெயர் வரை ஆங்கிலத்தில் எண்ணினால் 25 எழுத்து. அதன் முன்னால் 25 என்றே குறித்திருக்கும். உங்கள் புதிய முகவரி 19 எழுத்து என்று வையுங்கள். நோட்பேடு முகவரியை மாற்றும், 25ஐ அப்படியே விட்டுவிடும். படிக்கும்போது கணக்கு இடிக்க, பிஎச்பி அந்தக் கட்டு முழுவதையும் தூக்கி எறியும். விட்ஜெட்டுகள் எனப்படும் பக்கவாட்டுப் பெட்டிகளும் தீம் அமைப்புகளும் ஒன்றும் சொல்லாமல் காணாமல் போவது இப்படித்தான்.

'பெட்டர் சேர்ச் ரிப்ளேஸ்' என்ற இலவச பிளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) நிறுவுங்கள். அது எண்ணிக்கையையும் சேர்த்தே திருத்தும். பழைய முகவரி, புதிய முகவரி கொடுத்து, முதலில் 'டிரை ரன்' என்ற ஒத்திகையை ஓட்டி எத்தனை இடம் மாறப்போகிறது என்று பாருங்கள். எண் நியாயமாகத் தெரிந்தால் உண்மையாக ஓட்டுங்கள். 8080 போட்டவர்கள் பழைய முகவரியில் அதையும் சேர்க்க வேண்டும். முடிந்ததும் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் ஒன்றையும் மாற்றாமல் 'சேமி' மட்டும் அழுத்துங்கள். முகப்பு திறந்து உள்பக்கங்கள் எல்லாம் 'பக்கம் இல்லை' என்று 404 காட்டும் தொல்லை அதோடு தீரும்.

எழுத்து உடைந்து வந்தால்

பழைய தளம் ஒன்றை இணையத்திலிருந்து லப்டொப்புக்கு இறக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். உடைந்த எழுத்தை உற்றுப் பாருங்கள். தலையில் கீறு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' அடையாளமும் மாறி மாறி வருகிறதா? நல்ல செய்தி. தமிழ் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, லத்தீன்1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து முறை என்று தவறாக வாசிக்கப்படுகின்றன. மூலத் தரவுத்தளத்தை லத்தீன்1 என்று குறித்தே எக்ஸ்போர்ட் செய்து, கிடைத்த கோப்பில் லத்தீன்1 என்று வருகிற அறிவிப்புகளை யூடிஎப்8எம்பி4 ஆக மாற்றி இறக்கினால் தமிழ் திரும்பும்.

வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் அந்த நகலில் எழுத்து போய்விட்டது. எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. மூலத் தளம் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, திரும்பப் போய் வேறு முறையில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஆகவே புதிய நகலில் தமிழை வாசித்துப் பார்க்கும் வரை பழைய ஹொஸ்டிங்கை நிறுத்தவே கூடாது.

இன்னொன்று: 0900 என்ற எண் வருகிற எழுத்தொழுங்கைத் தெரியாது என்று சாம்ப் மறுக்கலாம். அது மைஎஸ்கியூஎல் 8இன் வகை; சாம்பிலுள்ள மரியாடிபிக்குப் பழக்கமில்லை. கோப்பில் அந்தப் பெயரை யூடிஎப்8எம்பி4 யூனிகோட் வகையின் பெயராக மாற்றிவிட்டு இறக்குங்கள்.

ஏற்றிய பிறகு

செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில், தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டும்போது போட்ட அடையாளம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்க, 'கூகுளில் ஏன் வருகுதில்லை' என்று கேட்கிறவர்கள் அநேகம். ஏற்றிய ஸிப்பையும் எஸ்கியூஎல் கோப்பையும் ஹொஸ்டிங்கிலிருந்து அழியுங்கள். முகவரியை ஊகித்த எவரும் அவற்றை இறக்கலாம். லப்டொப்பில் வைத்த லேசான கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். புதியதை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், பொறுப்பான இருவரிடம் மட்டும் கொடுங்கள்.

டொமைன் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று வெளிநாட்டிலுள்ள அந்தப் பழைய மாணவரிடம் கேட்டு வையுங்கள். வருடப் புதுப்பிப்பு அறிவித்தல் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். இனி எழுதுவதெல்லாம் இணையத்திலுள்ள தளத்தில் மட்டும். லப்டொப் பிரதியிலும் எழுதத் தொடங்கினால் இரண்டையும் பிறகு ஒன்றாக்க முடியாது. தீம் ஒன்றையோ பிளகின் ஒன்றையோ மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால், இணையத்திலுள்ளதை மேலே சொன்ன வழியிலேயே கீழே இறக்கி, லப்டொப்பில் பரீட்சித்துவிட்டு, அதே மாற்றத்தை அங்கே செய்யுங்கள்.